நாலாம் நம்பருக்கு நீளம் போதாது

ணங்... ணங்... ணங்... ணங்...

அபாய மணி அலறியபோது ஹரீஷின் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

கடைசி ஸ்க்ரூ. இன்னும் மூன்றே சுற்று.

அதற்குள் யார் பார்த்துத் தொலைத்தது?

வேகமாகத் திருகினான். துப்பாக்கியின் பின்கட்டையில் ரப்பர் பட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. நாலாம் நம்பர் தாங்கியில் நிறுத்தினான். ஸ்க்ரூ டிரைவரை இழுப்பறைக்குள் தள்ளினான்.

இனி வெளியே போய்விட வேண்டியதுதான்... முப்பது விநாடி இருக்கிறது...

வாசலுக்கு அவன் வருவதற்குள் இரண்டு பெண்கள் உள்ளே ஓடி வந்தார்கள்.

முதலில் துளசி. கிளப்பின் துப்பாக்கி அறைப் பொறுப்பாளர். ஐம்பது வயது. மணி அடித்தால் ஆயுதங்களுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்பது அவள் வேலை. அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டே மோகனா. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். நாலடி பத்து அங்குலம். முகம் வெளுத்திருந்தது.

அவர்களுக்குப் பின்னால் கம்பிக் கதவு கடகடவென்று இறங்கியது.

டங்க்.

பூட்டிக்கொண்டது.

மணி அடித்தால் துப்பாக்கி அறை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், போலீஸ் வந்து கணக்கெடுத்த பிறகே திறக்க வேண்டும். இந்த விதியைக் கமிட்டியில் முன்மொழிந்தது யார்?

ஹரீஷ்தான்!

"முஸ்தஃபா அண்ணே போயிட்டாரு, கோச்." துளசிக்கு மூச்சு வாங்கியது. "தேத்தண்ணி கொண்டு போனேன். மேசையிலயே கவுந்து கெடக்குறாரு. நெத்தியில ஓட்டை."

"ஐயோ," என்றான் ஹரீஷ்.

நன்றாகத்தான் சொன்னான். காலையிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தான்.



ஹரீஷ் ஆறடி ஒரு அங்குலம். கடலோரம் வெல்ட் கீ பக்கம் பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் இருக்கும் அந்த ரைஃபிள் கிளப்புக்குப் பதினெட்டு வருடமாகப் பயிற்சியாளர். யார் தோளில் கட்டை கால் அங்குலம் தள்ளி உட்கார்ந்தாலும் ஓடிப்போய்த் திருத்துவான். சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரன் கரண்டி பிடிக்கிற விதத்தைக்கூடத் திருத்தியவன். முதுகுக்குப் பின்னால் அவனுக்குச் 'சிவப்புப் பேனா' என்று பெயர்.

அந்தச் சிவப்புப் பேனாவின் பதக்கங்களில் கறுப்புப் புள்ளி இருப்பதைச் செயலாளர் முஸ்தஃபா கண்டுபிடித்துவிட்டார்.

மாநிலப் போட்டியில் ஹரீஷ் சுட்ட இலக்கு அட்டைகளை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறார். சில ஓட்டைகள் தோட்டா போட்டவை. சில ஓட்டைகள் பென்சில் போட்டவை. இன்று ஐந்து மணிக் கமிட்டியில் அட்டைகளை மேசைமேல் வைக்கப் போவதாக நேற்றே போனில் சொல்லிவிட்டார்.

ஐந்து மணிக்கு முன் முஸ்தஃபாவின் வாய் மூட வேண்டும். அவரை விட்டால் அந்த அட்டைகளை லென்ஸ் வைத்துப் பார்க்க ஆளில்லை. பழி வேறு யார் தலையிலாவது விழ வேண்டும்.

அதற்கு மோகனா தோதாகக் கிடைத்தாள்.

நாலாம் நம்பர் அவள் சுடுகிற துப்பாக்கி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த சின்ன ரைஃபிள், இருபத்திரண்டு காலிபர். பெரியவர்கள் சைஸில் எதை எடுத்தாலும் அவள் விரல் விசைக்கே எட்டாது. இதுதான் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி அவளுக்குப் பொருந்தியது. குட்டையான பெண்கள் ஐந்து பேர் அந்த மாதிரித் துப்பாக்கியில் கிளப்புக்குப் புள்ளிகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் முஸ்தஃபா அவளைப் போட்டிப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். பிள்ளைகள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பெரிய மனுஷி போட்டிக்குப் போனால் ஊர் சிரிக்கும் என்றார். மோகனா எல்லோர் முன்னாலும் கத்தினாள். உங்கள் நெற்றியில் ஒரு ஓட்டை போட்டால்தான் உங்களுக்குப் புத்தி வரும் என்றாள்.

ஏழு பேர் கேட்டார்கள். ஹரீஷும் கேட்டான்.

ஒரே ஒரு தொல்லை. அந்தக் குட்டித் துப்பாக்கி ஹரீஷின் தோளில் நிற்கவில்லை. முழங்கை மடங்கி விலாவில் இடித்தது. கன்னம் வைக்க இடமில்லை. அப்படிச் சுட்டால் சுவர்தான் சாகும்.

ஆகவே பின்கட்டையின் ரப்பர் பட்டையைக் கழற்றி, நீளம் கூட்டுகிற பிளாஸ்டிக் தட்டுகளை நடுவே செருகினான். ஒன்று அரை அங்குலம். மூன்று தட்டு. ஒன்றரை அங்குலம். இப்போது அது அவனுடைய துப்பாக்கி.

நாலு மணிக்குப் பெண்கள் காதுகளை மூடிக்கொண்டு வரிசையாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மோகனா சீக்கிரமே சுட்டு முடித்து நாலாம் நம்பரை ஒப்படைத்துவிட்டு ஒப்பனை அறைக்குப் போயிருந்தாள். தனியாக. துப்பாக்கி அறை வாசலிலிருந்து நேரே பார்த்தால் தாழ்வாரக் கோடியில் செயலாளர் அறை. கதவு திறந்திருந்தது.

பத்து வெடியோடு பதினோராவது வெடி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் தட்டுகளைக் கழற்றி டப்பாவில் போட்டான். கச்சிதமான வேலை!

இந்தக் கம்பிக் கதவு மட்டும் இறங்காமல் இருந்திருந்தால்...



இன்ஸ்பெக்டர் நோர்மா இருபது நிமிடத்தில் வந்தாள். மலாய் மரியாதைப்படி எல்லோருக்கும் அவள் 'புவான்', அதாவது மேடம். சாவி அவள் கையில் இருந்தது. ஆனால் கதவைத் திறக்கவில்லை. தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க ரூல்படி கணக்கு முடிஞ்சாத்தானே தொறக்கணும்? முடிப்போம் லா. எனக்கு அவசரமில்ல."

தமிழ் முஸ்லிம்கள் நிறைந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பிறந்து வளர்ந்தவள் என்பது அந்தத் தமிழிலேயே தெரிந்தது.

அறையில் மின்விசிறி கிடையாது. ஜன்னல் கிடையாது. முப்பது துப்பாக்கிகளும் எண்ணெய் வாடையும் மூன்று பேரின் வியர்வையும். தோட்டாக்கள் வேறு அறையில். ஹரீஷ் சுவரில் சாய்ந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியது. மலேசியாவில் துப்பாக்கியால் கொன்றவனுக்கு என்ன கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். தூக்கு. நீதிபதி இரக்கப்பட்டால் முப்பது, நாற்பது வருடம்... இதைவிடச் சின்ன அறையில்.

துளசி ஒவ்வொரு குழலாக முகர்ந்து பார்த்தாள். நாலாம் நம்பரில் நின்றாள். மூன்றே முக்காலுக்கு இதை மோகனா துடைத்துக் கொடுத்தாள், நானே பார்த்து வாங்கி வைத்தேன், இப்போது உள்ளே புதுக் கரி இருக்கிறது என்று நோர்மாவிடம் சொன்னாள்.

நோர்மாவின் பார்வை மோகனாமேல் விழுந்தது. போன வாரச் சண்டை அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது.

"நெத்தியில ஓட்டை போடுவேன்னு சொன்னது நீங்கதானா, தங்கச்சி?"

மோகனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வாய் தவறி சொன்னது, புவான். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

ஹரீஷ் மெல்ல மூச்சு விட்டான். திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஒரு நிமிஷம், புவான்," என்றாள் துளசி.

அவள் துப்பாக்கியைத் திருப்பிப் பின்கட்டையை விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள்.

"இந்த ரெண்டு ஸ்க்ரூ தலையிலயும் நான் நகப்பூச்சு ஒரு சொட்டு வெச்சிருப்பேன். ஆடி லூசாச்சுன்னா பூச்சு வெடிச்சிக் காட்டிக் குடுத்துரும். காலையில நல்லா இருந்துச்சு. இப்ப ரெண்டும் வெடிச்சிருக்கு."

ஹரீஷ் அந்த ஸ்க்ரூக்களை எட்டிப் பார்த்தான். நகப்பூச்சா? ஆயிரம் துப்பாக்கிக்கு அளவு பார்த்தவன் அவன். பிள்ளைகள் துப்பாக்கிதானே என்று இதை ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

"அதனால?" என்றாள் நோர்மா.

"பின்னாடி யாரோ கழட்டியிருக்காங்க. கழட்டுறது எதுக்கு? தட்டு போட்டு நீளமாக்கத்தான். மோகனாவுக்கு எதுக்குத் தட்டு? அவளுக்கு அது அப்படியே பொருந்தும். சுட்டது அவளைவிட உயரமான ஆளு, புவான்."

நோர்மா நிமிர்ந்தாள். அவள் பார்வை மெதுவாக மேலே போனது... ஆறடி ஒரு அங்குலம் வரைக்கும்.

அறை இன்னும் சிறியதாகிவிட்ட மாதிரி இருந்தது ஹரீஷுக்கு.

"எத்தனை தட்டு போட்டிருப்பாங்க, துளசிக்கா?"

துளசி டப்பாவைத் திறந்தாள். ஆறு தட்டு அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தாள். ஹரீஷ் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆறும் இருக்கு. நான் எப்பவும் எழுத்துப் பக்கம் மேல வர்ற மாதிரி அடுக்குவேன். ஒண்ணு மட்டும் கவுந்து கெடக்கு." கொஞ்சம் யோசித்தாள். "ஒரு தட்டு. அரை அங்குலம்."

ஒரு தட்டு!

ஹரீஷுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அவசரத்தில் போட்டதில் இரண்டு தட்டு சரியான பக்கம் விழுந்திருக்கின்றன!

"ஒரு தட்டுன்னா எவ்ளோ உயரம்?"

"அஞ்சடி ஒண்ணு, அஞ்சடி ரெண்டு. என் உயரம்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

ஆறு பெண்களுக்கு நடுவில் நின்று தோட்டா எண்ணிக்கொண்டிருந்தேன், கேட்டுப் பாருங்கள் என்றாள் துளசி. கீழே இருந்த கான்ஸ்டபிளிடம் நோர்மா ரேடியோவில் கேட்டாள். அங்கிருந்து ஆமாம் என்று பதில் வந்தது.

"நீங்கதான் நிபுணர், கோச். அக்கா சொல்றது சரியா?"

வாழ்க்கையில் முதல் முறையாக ஹரீஷ் ஒரு தப்பைத் திருத்தவில்லை.

"ரொம்ப சரி, புவான்," என்றான். "ஒரு தட்டுதான். குட்டையான ஆளுதான் சுட்டிருக்கணும். என்னைப் போல ஆளு தூக்கினா விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்."

நோர்மா எழுந்தாள். சாவியைப் பூட்டில் நுழைத்தாள்.

ஒரு சுற்று.

தாழ்வாரத்துக் காற்று ஹரீஷின் முகத்தில் பட்டது. கீழே அவன் கார். பாலம் தாண்டினால் பட்டர்வொர்த். அதற்கப்புறம் நெடுஞ்சாலை...

சாவி பாதியில் நின்றது.

"சும்மா தெரிஞ்சிக்கக் கேக்குறேன், அக்கா. ஒரே ஒரு தட்டு போட்டு நெட்டையான ஆளு சுடவே முடியாதா?"

"முடியாதுன்னு இல்ல," என்றாள் துளசி. "தலையை ஒடுக்கி எப்படியாச்சும் சுட்டுடலாம். ஆனா கட்டை குட்டையா இருக்கிறதால கை முகத்துக்கிட்ட வந்துரும். விசையை இழுத்த உடனே கட்டைவிரல் மொளி மூக்குல டொக்குன்னு இடிக்கும். புதுசா வர்ற நெட்டைப் பசங்க எல்லாரும் மூக்கைத் தடவிக்கிட்டே போவாங்க."

"அப்படியா?"

நோர்மா கம்பிக்கு நெருங்கி வந்தாள். ஹரீஷின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க மூக்கு ஏன் சிவந்திருக்கு, கோச்?"

ஹரீஷின் கை தானாக மூக்குக்குப் போனது. வியர்வையைத் துடைத்துத் துடைத்து எரிந்துகொண்டிருந்தது. அல்லது எரியவில்லையோ? அறையில் கண்ணாடி இல்லை. துளசியைப் பார்த்தான். துளசி அவன் மூக்கைப் பார்த்தாள். மோகனாவும் எழுந்து நின்று பார்த்தாள்.

"வேர்வை, புவான். தொடச்சேன்."

"தொடச்சா நடுவுல மட்டுமா செவக்கும்? மொளி பட்ட மாதிரியில்ல இருக்கு?"

"ஆமா, கோச்," என்றாள் மோகனா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கு."

நோர்மா சாவியைப் பின்பக்கமாகத் திருப்பினாள்.

டக்.

மறுபடியும் பூட்டு.

"ஆக, ஒரு தட்டு போட்டு ஆறடி ஆளு சுட்டிருக்காரு. மூக்குல வாங்கியிருக்காரு. நீங்களே ஒரு தட்டுன்னு சொல்லிட்டீங்க. துளசிக்காவும் சொல்லிட்டாங்க. ரெண்டு நிபுணர் சாட்சி போதும் லா. மூக்கை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

அவள் கைப்பேசியை உயர்த்தினாள்.

ஹரீஷுக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. கயிறு. நாற்பது வருடம். இல்லாத ஒரு காயத்துக்காகவா? நடக்கவே நடக்காத ஒரு விஷயத்துக்காகவா? இவள் கணக்கே தப்பு! அந்தத் துப்பாக்கி அவன் தோளில் எப்படி உட்கார்ந்தது, கட்டைவிரல் எங்கே இருந்தது, மூக்குக்கும் அதற்கும் எத்தனை இடைவெளி... அவனுக்குத் தெரியாதா? பதினெட்டு வருடமாக எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவனுக்கா இவள் பாடம் எடுப்பது?

கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எரிச்சலோடு, மக்கு மாணவிக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"மூணு தட்டு போட்டிருந்துச்சு லா, புவான்... மூக்குல எப்படி இடிக்கும்?"