இரண்டு மணிப் பால்

பாப்பா அழவில்லை. ஆனாலும் பால் இறங்கியது.

மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போயிருந்தது. வீட்டை ஒட்டிய தறிக்கூடத்தில் எட்டுத் தறிகளும் ஒரே சமயத்தில் நின்று, நாள் முழுக்கச் சுவரிலும் தரையிலும் கட்டில் காலிலும் ஓடிக்கொண்டிருக்கும் அதிர்வு சட்டென்று வடிந்தபோது, லோகப்பிரியாவுக்குக் காதில் யாரோ பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. அக்ஷிதா பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவள். தறி நின்றால்தான் விழித்துக்கொண்டு அழுவாள். அன்று விழிக்கவில்லை. கொக்கியில் தொங்கிய சேலைத் தொட்டில் அசையவில்லை. அதற்குள்ளிருந்து நாலரை மாதப் பிள்ளையின் மூச்சு மட்டும், துணியோடு துணி உரசுவதுபோல், வந்து போனது.

அப்போதுதான் மார்பின் இரண்டு பக்கமும் சுருக்கென்றது. உள்ளிருந்து ஊசிகள் வெளியே குத்துவதுபோன்ற அந்த வலி அவளுக்குப் பழக்கம். பாப்பா அழுதால் வரும். பாப்பாவை நினைத்தாலும் வரும். ஆனால் அவள் அப்போது ஊறவைத்த உளுந்தை நினைத்துக்கொண்டிருந்தாள். நைட்டியின் முன்பக்கம் இரண்டு வட்டங்களாக நனைந்து, வெதுவெதுப்பான பால் வாசனை அறையில் எழுந்தது.

நான்கு மணிக்கு மறுபடியும் இறங்கியது. பிறகு ஆறு மணிக்கு.

அந்த வாரம்தான் பல்லடத்தில் பாப்பாவுக்கு எடை பார்த்திருந்தார்கள். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு எண்ணூறு கிராம் ஏறியவள், நான்காம் மாதம் முந்நூற்றைம்பதோடு நின்றுவிட்டாள். டாக்டரம்மா சிரித்தார். "தாய்ப்பால் குடிக்கிற கொழந்தைங்க மூணு மாசத்துக்கு மேல மெதுவாத்தான் ஏறுவாங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவையாச்சும் ஒண்ணுக்குப் போறாளா? மொகம் பாத்துச் சிரிக்கறாளா? அப்பறம் எதுக்குங்க கவல? கோடு கீழ எறங்கினா மட்டும் வாங்க." அட்டையிலிருந்த வளைகோட்டில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தார். பச்சைப் பட்டைக்குள்தான் இருந்தது புள்ளி.

லோகப்பிரியாவால் அதோடு விட முடியவில்லை. தறிக்கூடத்து வாசலில் நூல் கோன்களை நிறுக்கும் மின் தராசு இருந்தது. தினமும் மதியம் அதில் துண்டை விரித்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதுபோல் எண்களைப் பூஜ்யமாக்கி, பாப்பாவைக் கிடத்தினாள். ஐந்து கிலோ அறுநூற்று இருபது. மறுநாளும் ஐந்து அறுநூற்று இருபது.

"நூலுக் கோனாட்டம் பொழுதன்னிக்கும் புள்ளைய நிறுத்துக்கிட்டே இருந்தீன்னா, அது நூலாட்டந்தான் எளைக்கும்," என்றான் சுரேந்தர். அவள் கணவனின் கைகளிலும் புருவத்திலும் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும்.

"சிரிக்காதீங்க மாமா. ஆறு நாளா ஒரே எடைங்க."

"உங்கொப்பன் ஊட்டுல எல்லாருமே ஒடிசல்தான அம்மணி."

அவன் போன பிறகு அவள் பாப்பாவுக்குப் பால் கொடுத்தாள். பாப்பா நாலு வாய் இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பசித்த பிள்ளையின் கோபம் அதில் இல்லை. வாங்கப் போன கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று கேட்டுத் திரும்புகிறவர்களின் முகம். மணி இரண்டேகால்.

இரண்டு மணிக்குச் சுருக்கென்று இறங்கிய பால் எங்கே போனது? அன்று நைட்டி நனையவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துணி காய்ந்திருந்தது. மார்பு வற்றியிருந்தது.

யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. பாப்பாவுக்கு ஒரு மாதம் ஆனபோது பால் கட்டிக் காய்ச்சல் வந்து, மிச்சப் பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, ஒரு தோழி ரெபேக்காவின் எண்ணைக் கொடுத்தாள். ரெபேக்கா கோயம்புத்தூரில் ஒரு சர்ச்சைச் சேர்ந்த பெண். செவ்வாயும் வெள்ளியும் ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டியில் வந்து, தாய்மார்கள் உறைய வைத்த பால் பைகளை வாங்கிப்போய், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ப்பாள். யார் பால் யாருக்குப் போகிறது என்று சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. ரெபேக்காவுக்குச் சந்தோஷம் வந்தால் விதி மறந்துபோகும்.

"அக்கா, இந்த வாரம் வேற யார் பாலும் கெடைக்கலீங்க. முழுக்க உங்க பால்தான் இவனுக்கு," என்று ஒரு நாள் படம் அனுப்பினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஆண் குழந்தை. கன்னத்தில் சதுரமாக ஒரு பிளாஸ்திரி. அது மூக்கினுள் போகும் குழாயைப் பிடித்திருந்தது. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கொழா வழியா குடுக்கறாங்க. இன்னைக்கு ஒரு கிலோ முன்னூத்தி நாப்பது!"

பம்ப் வைத்துப் பால் எடுக்கும்போது குழந்தையின் படத்தைப் பார்த்தால் சீக்கிரம் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். தன் குழந்தை பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருக்க, லோகப்பிரியா அந்தப் படத்தைத்தான் பார்த்தாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது. தன் பிள்ளைக்கு இறங்குவதைவிட வேகமாக இறங்கியது பால். படத்தின் கன்னத்தில் விரலை வைத்து, தறிச்சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், "வா கண்ணு, வந்து குடி," என்று தினமும் சொன்னாள்.

கூப்பிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ரெபேக்கா வந்தபோது கொடுக்க ஒரு பைகூட இல்லை. ரெபேக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உங்க பாப்பாதாங்க அக்கா மொதல்ல. நீங்க நிறுத்திக்கோங்க," என்றாள்.

"அந்தப் பையன் எப்படியிருக்கான் ரெபேக்கா?"

ரெபேக்கா ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தாள். மூடினாள்.

"சொல்லு சாமி."

"படம் அனுப்புனதுக்கு ரெண்டாம் நாளுங்க அக்கா. மதியம். உங்ககிட்டச் சொன்னா பால் வத்திப்போயிருமோன்னு சொல்லாம வுட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க." அவள் கண்ணைத் துடைத்தாள். "கடைசி வரைக்கும் வாய் வெச்சுக் குடிக்கவே கத்துக்கலீங்க. கொழாதான்."

"மதியம் எத்தன மணிக்கு?"

"ரெண்டு மணிப் பால் குடுக்கப் போனப்பங்க."

ஸ்கூட்டியின் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகும் லோகப்பிரியா வாசலிலேயே நின்றாள். அழுகை வந்தது. யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அழ அழப் பால் இறங்கியது.

அடுத்த ஞாயிறு தறிகளுக்கு விடுமுறை. சுரேந்தர் உடுமலைப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். வெயில் ஓட்டின்மேல் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. அரிசிச் சாக்கு, சாம்பிராணி, காய்ந்த துணி என்று வீட்டின் எல்லா வாசனைகளும் அந்த அமைதியில் தனித்தனியாகத் தெரிந்தன. லோகப்பிரியா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பாப்பா தொட்டிலில் தூங்கினாள். கடிகார முள் நகர்வது கேட்டது.

இரண்டு மணி.

சுருக்கென்றது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கியது. அதன் பிறகு, மிக அருகில், கழுத்துக்குக் கீழே, ஒரு சின்னச் சத்தம்.

ச்சப்.

நின்றது. தடுமாறியது. தேடியது.

ச்சப். ச்சப்.

படுக்கை விரிப்பில் ஒரு குழி விழுந்திருந்தது. உள்ளங்கை அளவு. அவ்வளவுதான். அங்கே எதுவும் இல்லை. ஈரமான, ஐஸ் பெட்டியின் குளிர் மட்டும் தோலைத் தொட்டது.

கற்றுக்கொண்டுவிட்டான்.

அவள் விலகவில்லை. அதுதான் அவளைப் பின்னால் வெகுநாள் வதைத்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் கை தானாக நீண்டு அந்தக் குழிக்குமேல் வளைந்து, தட்டிக்கொடுத்தது.

தொட்டிலில் அக்ஷிதா விழித்தாள். அழவில்லை. அழத் தெம்பு இல்லாதவள்போல் ஒரு முனகல்.

திங்களன்று தராசு ஐந்து அறுநூற்று இருபதையே காட்டியது. மூன்று வாரம். டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. புள்ளி பச்சைப் பட்டையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க எழுதினார். பால் போதவில்லை என்றால் அதோடு சேர்த்துக் கொடுக்க ஒரு பால்பவுடரையும் எழுதினார். "தாய்ப்பால நிறுத்திராதீங்க," என்றார். லோகப்பிரியா தலையாட்டினாள். வழியில் நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கினாள்.

தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வெங்கடம்மாள் அந்தப் பூவைப் பார்த்ததுமே கண்டுகொண்டாள். "தலைக்கு வெக்கற பூ இல்லையே இது. மாருல கட்டிப் பால நிறுத்தப் போறியா அம்மணி?"

"கட்டத் தெரியுங்களா அக்கா?"

"தெரியும். எம்பட மொதப் புள்ள போனப்ப எனக்குக் கட்டுனாங்க." வெங்கடம்மாளின் கை நூலிலேயே நின்றது. "புள்ள இல்லாதவளுக்குத்தான் கண்ணு இதக் கட்டுவாங்க. உனக்குத்தான் புள்ள முழுசா இருக்குதே."

"ஒண்ணப் பட்டினி போட்டாத்தானுங்க ஒண்ணு பொழைக்கும்."

வெங்கடம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பூவை இரண்டு மார்பிலும் சுற்றிப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

முதல் நாள் மார்பு கல்லாய்க் கனத்தது. இரண்டாம் நாள் பூ வாடி, இனிப்பும் அழுகலும் கலந்த வாடை அவள் போகுமிடமெல்லாம் வந்தது. பாப்பா பாட்டில் பாலை முகம் சுளித்து, துப்பி, பிறகு குடித்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, எட்டுத் தறிகளின் இரைச்சலுக்கு அடியில், பூனைக்குட்டியினுடையதைப்போல் ஒரு மெல்லிய குரல் கேட்டது. தறிக்கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு மட்டும்தான். கட்டிலுக்கு அடியில். பிறகு அரிசிச் சாக்குக்குப் பின்னால். பிறகு அவள் முந்தானைக்குள்.

"இங்க இல்ல கண்ணு," என்றாள் சுவரைப் பார்த்து. "என்கிட்ட இல்ல. போயிரு தங்கம். உங்கம்மாகிட்டப் போ."

போனில் இருந்த படத்தை அழித்தாள். அழிக்கும் முன் ஒருமுறை முத்தம் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் குரல் கம்மியது. பத்து மணிக்கு ஒரு விக்கல். பன்னிரண்டுக்கு ஒரு பெருமூச்சு. இரண்டு மணிக்கு எதுவும் இல்லை. நான்கு மணிக்கும் எதுவும் இல்லை. லோகப்பிரியா குளியலறைத் தரையில் உட்கார்ந்து, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு, ஒரு பிள்ளையைக் கொன்றவள் அழும் விதமாக அழுதாள்.

நான்காம் நாள் மதியம் பாப்பாவைத் தராசுக்குத் தூக்கிப் போனாள். தூக்கும்போதே கை தாழ்ந்தது.

துண்டை விரித்தாள். பூஜ்யம். கிடத்தினாள்.

ஆறு கிலோ தொள்ளாயிரத்து அறுபது.

"ஏனுங்க!"

சுரேந்தர் வந்து பார்த்தான். "மெஷின் கோளாறாட்ட இருக்குது," என்று பாப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு ஒரு நூல் கோனை வைத்தான். சரியாகக் காட்டியது. இன்னொன்று வைத்தான். அதுவும் சரி. அவன் முகம் மலர்ந்தது. "பாட்டல் பாலு புடிச்சுப்போச்சு பாரு! எம்பட தங்கம் தேறிப்போட்டா!"

அவள் மனதுக்குள் கழிக்கத் தொடங்கினாள். கழிக்க வேண்டியிருக்கவில்லை. ஏறியிருந்தது ஒரு கிலோ முந்நூற்று நாற்பது, படத்தோடு ரெபேக்கா சொன்ன அதே எடை.

கரண்ட் போனது.

தறிகள் நின்றன. மெயின் சுவிட்சைப் பார்க்க சுரேந்தர் வெளியே ஓடினான். கூடத்துக் கடிகாரத்தில் மணி இரண்டு.

லோகப்பிரியா பாப்பாவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வலது கன்னத்தில், தோல் சற்றே வெளுத்து, ஓரங்களில் சிவந்து, சதுரமாக ஒரு தடம். பிளாஸ்திரியை உரித்தெடுத்த தடம்.

பாப்பா வாயைத் திறந்தாள். பூனைக்குட்டியின் குரல்.

பாட்டிலைக் கொடுத்தாள். தட்டிவிட்டது. மறுபடி கொடுத்தாள். துப்பியது. இரண்டு கைகளும் அவள் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டன. அவள் அங்கேயே, பஞ்சு படிந்த தரையில் உட்கார்ந்து, துணிக்கட்டை அவிழ்த்தாள். பழுப்பேறிய மல்லிகைகள் மடியில் உதிர்ந்தன. அந்தச் சின்ன வாய் தேடிப் பிடித்தது. இழுத்தது.

எதுவும் வரவில்லை.

இழுத்தது.

ஒரு சொட்டுக்கூட இல்லை.

வாய் விட்டுவிட்டு அழத் தொடங்கியது. அந்த மெல்லிய அழுகைக்குள், எங்கோ அடியில், சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் இன்னொரு அழுகை. தொண்டை நிறைந்த, கோபக்கார, அவளுக்கு நன்றாகத் தெரிந்த அழுகை. அக்ஷிதா.

தறிகள் நின்ற கூடத்தில் இரண்டு குரல்களும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஒரே வாயிலிருந்து.