நிற்கும் வண்டியின் தூரம்

முந்திய மாலை வண்டியைக் கொட்டகையில் நிறுத்தியபோது நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு காட்டிய மீட்டர், காலையில் இருநூற்றுப் பதினேழு காட்டியது.

அவர் சாவியைத் திருப்பி அணைத்தார், மறுபடியும் திருப்பினார். பதினேழுதான். ஐந்து இலக்கங்களும் பச்சை நிறத்தில், ஒரு கோடுகூடக் குறையாமல் ஒளிர்ந்தன. அந்தத் தெளிவில் அவருக்குப் பெருமையும் உண்டு. முந்திய நாள்தான் அதைத் தம் கையாலேயே பழுதுபார்த்திருந்தார்.

மூன்று வாரங்களாக எண்கள் மங்கி, கோடு கோடாக உதிர்ந்து, எட்டு எது, பூச்சியம் எது என்றே தெரியாமல் போயிருந்தன. மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருபத்தாறு ஆண்டுகளைக் கழித்தவருக்கு அது பெரிய வித்தையன்று. பேட்டரிக் கம்பியைக் கழற்றி, ஸ்டீயரிங்குக்குப் பின்னிருந்த திருகுகளை எடுத்து, மீட்டர்ப் பெட்டியை மெல்ல வெளியே இழுத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். திரையின் கால்களைப் பிடித்திருந்த ஈயப்பற்றில் மயிரிழை போன்ற விரிசல்கள். ஒவ்வொரு காலுக்கும் சூடு காட்டிப் புது ஈயம் வைத்தார்.

"மெக்கானிக்கிட்ட விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை முழுக்க இங்கயே கிடக்குறீங்க" என்றாள் மனைவி, கொட்டகை வாசலில் நின்று.

"அவன்கிட்ட விட்டா நாலு நாள் வண்டி அங்க தவம் கிடக்கும். நீ எப்படி வேலைக்குப் போவ?"

"அடேயப்பா, என்ன அக்கறை!"

அக்கறையன்று என்பது இருவருக்கும் தெரியும். படுத்த படுக்கையான முதியவர்களுக்கு வீடு தேடிச் சென்று உடற்பயிற்சி தருவது அவள் வேலை. நான்கு வீடுகள், போகவும் வரவும் இருபத்திரண்டு கிலோமீட்டர். மாலையில் அவள் முகம் கழுவுகிற நேரத்தில் அவர் கொட்டகைக்குப் போய் எண்ணைப் பார்த்துவிட்டு வருவார். காகிதத்தில் எழுதியதில்லை, மனத்தில் வைத்துக்கொள்வார். பதினோர் ஆண்டுகளாக ஒரு நாளும் தவறியதில்லை. ஒருமுறை மூன்று கிலோமீட்டர் கூடியிருந்ததற்கு, அவள் அக்காவின் வீட்டுக்குப் போனதை இரண்டு நாள் பேசாமலிருந்தே சொல்ல வைத்தார்.

எண் தெரியாமற்போன அந்த மூன்று வாரங்களில்தான் வேறோர் ஊரிலிருந்து அவளுக்கு வேலை வந்தது. தங்க அறையும் தருவார்களாம். "போறேன்னு சொல்லல. யோசிக்கிறேன்னுதான் சொன்னேன்" என்றாள். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததுதான் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. எண் மறுபடி கைக்கு வந்துவிட்டால் அவளைப் போகவிடாமல் தடுத்துவிடலாம் என்று அவர் எப்படியோ நம்பினார்.

ஆகவே திங்கள் காலை கூடியிருந்த அந்த ஒரு கிலோமீட்டரைக் கண்டதும் அவருக்கு அச்சம் எழவில்லை, கோபமே எழுந்தது. விடியுமுன் வண்டியை எடுத்திருக்கிறாள். எஞ்சின் மூடியின்மேல் கையை வைத்தார். கல்லாய்க் குளிர்ந்திருந்தது. குனிந்து பார்த்தார். பின்சக்கரத்துக்கும் சிமெண்டுத் தரைக்கும் இடையே ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. ஓர் இழையும் அறுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, முந்திய மாலைக் கணக்குக்குமேல் மூன்று கூடியிருந்தது. அன்றிரவு சாவியைத் தம் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். புதன் காலை ஏழு.

மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நிக்கிற வண்டி ஓடுதா?" என்று அவன் சிரித்தான். "பெட்ரோல் இல்லாம ஓடுதுன்னா சந்தோஷப்படுங்க சார். எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க."

"விளையாடாதப்பா."

"ஈயம் வழிஞ்சு ரெண்டு காலும் ஒட்டிக்கிட்டிருக்கும். சக்கரத்துலேருந்து வர்ற சென்சார் வயரைப் பிடுங்கிட்டுப் பாருங்க. நீங்களே பண்ணிக்கிட்டது, நீங்களே அனுபவிங்க."

அன்று மாலை சென்சார்க் கம்பியைப் பிடுங்கினார். பேட்டரியையும் கழற்றித் தரையில் வைத்தார். உயிரற்ற வண்டி கொட்டகையில் கருத்து நின்றது. வியாழன் காலை பேட்டரியை மாட்டியதும் எண்கள் எழுந்தன. பத்தொன்பது கூடியிருந்தது. கதவைத் திறந்தபோது உள்ளே நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியின் வாடை அடித்தது: வெயிலில் வெந்த ரெக்சின், நாட்பட்ட வியர்வை, சன்னல்களை ஏற்றிவிட்டுப் பலர் உறங்கிக் களைத்த மூச்சு. மாலையில் வண்டி வந்து நின்றபின் சிலந்தி மறுபடி பின்னிய வலை அறுபடாமல் இருந்தது. அதில் ஓர் ஈயும் சிக்கியிருந்தது.

அன்றுதான் வீட்டிலும் ஒன்றைக் கவனித்தார். சாப்பாட்டு மேசையில் எதிரே அமர்ந்திருந்த மனைவியிடம் தண்ணீர் கேட்டார். அவள் உதடுகள் அசைந்தன. அவை மூடிய பிறகே "இந்தாங்க" என்ற சொல் வந்தது. செம்பை நீட்டினாள். அவர் கையை நீட்டினார். எட்டவில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மேசைமீது கவிழ்ந்து வாங்க வேண்டியிருந்தது. நாலடி மேசை அது. அவரே அளந்து செய்வித்தது.

"வண்டியை எங்க கொண்டு போற?" என்று கேட்டார்.

பதில் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. சுவரில் கடிகாரம் மூன்று முறை துடித்தது.

"நேத்து சாவி உங்க தலைக்கடியில. பேட்டரி தரையில. நான் என்ன, முதுகுல தூக்கிட்டா போனேன்?"

"தினமும் கூடுது."

"பதினோரு வருஷமா அந்த மீட்டரைத்தான் பாக்குறீங்க. என் முகத்தை ஒரு நாள் பாத்திருக்கீங்களா?" சினமின்றி, களைத்துப்போய்ச் சொன்னாள். "அந்த வேலைக்கு நான் இன்னும் பதில் சொல்லல. நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை, போகாதேன்னு வாயைத் திறந்து சொன்னா நான் போகல. அதைச் சொல்ல மாட்டீங்க. மீட்டரைப் பாக்கப் போவீங்க."

அவர் வாயைத் திறந்தார். சொல் நாக்கில் வந்து நின்றது. ஆனால், பத்தொன்பது எப்படிக் கூடியது என்பது தெரியாமல் அதைச் சொல்வது தோற்றுப்போவதாகும் என்று பட்டது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை, வெளிச்சம் மங்கத் தொடங்கிய வேளையில், ஷட்டரை முழுவதும் ஏற்றிவிட்டு வண்டிக்குள் அமர்ந்தார். இன்று கண்ணெதிரே பார்த்துவிடுவது. எதிரே முற்றம், அதற்கப்பால் சமையலறைச் சன்னல். நடந்தால் பன்னிரண்டு அடி. விளக்கு எரிந்தது. மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாய்நீர் தொட்டியில் விழும் ஓசையும், கரண்டிகள் ஒன்றோடொன்று மோதும் ஒலியும், அவள் இருமுவதும்கூடத் துல்லியமாகக் கேட்டன. எஞ்சினை முடுக்கவில்லை. சாவியை ஒரு படி மட்டும் திருப்பினார். பச்சை எண்கள் எழுந்தன.

சற்றுநேரம் ஒன்றும் நிகழவில்லை. தம் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி இலக்கம் மாறியது.

எந்த ஒலியும் இல்லை, அதிர்வும் இல்லை. தலையை நிமிர்த்தியபோது சன்னல் சற்றே சிறுத்திருந்தது. கண்ணைக் கசக்கினார். இலக்கம் மறுபடி மாறியது. சன்னல் ஒரு படச்சட்டத்தின் அளவாயிற்று. குழாயின் ஓசை தேய்ந்தது. கொட்டகைச் சுவர்கள் அசையவில்லை; ஆணியில் தொங்கிய பழந்துணியும் அசையவில்லை.

பிரேக்கை மிதித்தார்.

மாறியது.

இரு கால்களாலும் மிதித்தார். கைப்பிரேக்கை இழுத்தார். சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். எண்கள் அணையவில்லை.

மாறியது. மாறியது.

சன்னல் இப்போது தீப்பெட்டியளவு. அதற்குள் அவள். பக்கவாட்டில் திரும்பி நின்று, தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். பேசவில்லை. இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுமுன் காத்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். காலுக்குக் கீழே அதே சிமெண்டுத் தரை. ஓடினார். ஷட்டரைத் தாண்டினார். முற்றம் இருந்தது. அது முடிவுறவே இல்லை. மதிலைக் காணோம். துணிக்கொடியைக் காணோம். சாம்பல்நிறத் தரை மட்டும். ஓடினார். பன்னிரண்டு அடி. நூறு. ஆயிரம் இருக்கும். விலா குத்தியது. வெளிச்சம் பெரிதாகவில்லை.

நின்றார்.

மிக மெல்லிய ஒலி ஒன்று வந்தது. எப்போதோ புறப்பட்டது.

"என்னங்க... பாத்தாச்சா?"

அவர் கத்தினார். வாழ்நாளில் ஒருபோதும் அப்படிக் கத்தியதில்லை. "போகாதே!"

கடுகளவு ஒளியில் கடுகிலும் சிறிதாக அவள் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. பிறகு உதடுகள் அசைந்தன. தொலைபேசியில் ஏதோ சொன்னாள். ஒற்றைச் சொல். கையை உயர்த்தினாள்.

விளக்கு அணைந்தது.

எப்பக்கமும் ஒன்றும் இல்லை. அவர் கத்திய சொல் மட்டும் இருளில் இன்னும் அவளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.