ஒரே நாளில் எழும்பிய இரண்டு மேடுகள்

“நான் பொய்க்கணக்கு எழுதினேன்னு சொல்றாங்க சார். நாளைக்குக் கூட்டத்துல என்னை நட்சத்திரம் பாக்குற சங்கத்தை விட்டே தூக்கிடுவாங்க.”

மருந்துக்கடைக்கார அம்மா வரைபடங்களை மேசைமேல் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை மாடியிலிருந்து பார்ப்பார். பக்கத்தில் மாறாமல் எரியும் ஒன்றோடு ஒப்பிட்டு, வரைபடத்தில் இரவுக்கு ஒரு புள்ளி வைத்துக் கோடாக இணைப்பார். அவருக்கு அதுதான் உயிர். ஆனால் இந்த மாதம் சங்கத்தார் எல்லோருடைய கோடும் ஒரு பக்கம், இவர் கோடு ஒரு பக்கம்.

துப்பறிவாளர் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவருடைய தங்கை புருஷனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. “சங்கச் செயலாளர் வேலைதான் மச்சான்! அந்த ஆளோட முழியே சரியில்ல.”

“முழியை அப்புறம் பாப்போம் மாப்ளே. முதல்ல மாடியைப் பாப்போம்.”

மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டி, வானத்தின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை அதைச் சட்டை செய்யாமல் மாடிக் கதவின் பூட்டைத் துருவித் துருவி ஆராய்ந்தார். கையில் துரு ஒட்டியதுதான் மிச்சம்.

மறுநாள் கூட்டத்தில் துப்பறிவாளர் அம்மாவின் வரைபடங்களில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நட்சத்திரங்க. ஆனா ரெண்டு கோடும் ஒரே நாட்கள்ல மேடு தட்டுது. கதை விடறவங்க இப்படி மாட்டிக்கிற மாதிரியா விடுவாங்க?”

“அப்போ என்னதான் நடந்துச்சு?” செயலாளர் சிடுசிடுத்தார்.

“அம்மா, எதோட ஒப்பிட்டீங்க?”

“வழக்கமா ஒப்பிடுறதைத் தொட்டி மறைச்சிடுச்சு சார். அதனால ரெண்டையுமே பக்கத்துல இருந்த இன்னொரு நட்சத்திரத்தோட ஒப்பிட்டேன். அதுவும் மாறாததுன்னுதான் சங்கத்துப் படத்துல போட்டிருக்கு. சின்ன விஷயம்தானேன்னு யார்கிட்டயும் சொல்லலை.”

“அளவுகோல் சுருங்கினா துணி நீளமாத்தான் தெரியும். மங்கினது அந்த இன்னொண்ணு. அதனாலதான் இது ரெண்டும் பிரகாசமானதாத் தெரிஞ்சுது.”

மாப்பிள்ளை தொட்டியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

இருட்டியதும் செயலாளரே தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

“படத்துல போட்டிருக்கறதைவிட மங்கித்தான் இருக்கு.” அவர் குரல் இறங்கிவிட்டது. “இத்தனை வருஷமா நாங்க யாரும் இதைக் கண்டுக்கலையே. மன்னிச்சிடுங்கம்மா.” வெற்று வரைபடத் தாளையும் பென்சிலையும் நீட்டினார். “இனி இதுவும் ஒளி மாறுற நட்சத்திரம். முதல் புள்ளியை நீங்கதான் வைக்கணும்.”

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் பென்சிலை வாங்கியவர், தாளைத் தொடவில்லை.

“இருங்க, ஒரு தடவை பாத்துட்டு வைக்கிறேன். எதோட ஒப்பிட்டேன்னும் பக்கத்துலயே எழுதிடறேன்.”