இருபது எண்ணும் வரை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மழை வலுத்துவிட்டது, ஆனால் இதை நான் உரக்கச் சொன்னால் கதை கெட்டுப்போகும். ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் வாழ்வு மொத்தமும் காத்துக்கொண்டு நின்றதே, அந்தக் கதை இது...

தென்கடலில் இருக்கும் சவாயீ தீவுக்குப் போகும் படகு அன்று மழையில் ஆடி ஆடிப் போயிற்று. மாசினா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு வயது. உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுக்கப் போகிறாள். வாய்பாட்டை ஒப்பிக்காமல், புதிதாக வந்த கணக்கை யோசித்துப் போட எப்படிப் பிள்ளைகளைப் பழக்குவது என்பதுதான் அவள் சொல்லித் தருவது. வெள்ளிக்கிழமை திரும்பினால் திங்களன்று ஆக்லாந்துக்கு விமானம். அங்கே வேலை காத்திருந்தது.

எதிரே ஃபிலோ என்று ஒரு வாழைக்காய் வியாபாரி, மடியில் கூடையோடு. மாசினா சும்மா அவளிடம் ஒரு கணக்குக் கேட்டுப் பார்த்தாள். கோவில் வாசலில் எட்டுப் பெண்கள். ஒவ்வொருத்தியும் மற்ற எல்லோரோடும் ஒரே ஒரு தடவை, வணக்கத்துக்காக, கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்கிறாள். மொத்தம் எத்தனை தடவை?

ஃபிலோ சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். உதடு அசைந்தது. தடித்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்க ஆரம்பித்தன...

"இருபத்தெட்டு" என்றது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்.

ஃபிலோவின் விரல்கள் அப்படியே நின்றன. "அட, அவ்வளவுதானா" என்று கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

மாசினா சுர்ரென்று திரும்பினாள். "நீங்க வாத்தியாரா?"

அவர் புருவத்தைத் தூக்கினார். அந்தத் தீவுகளில் ஆமாம் என்பதற்குப் புருவமே போதும், வாய் தேவையில்லை.

"தெரிஞ்சுபோச்சு. அந்தம்மா இப்பத்தான் விரல மடிக்க ஆரம்பிச்சாங்க. உங்களுக்கு அதுக்குள்ள என்ன அவசரம்?"

நாற்பது தாண்டிய முகம். கண்கள் மட்டும் மழை விட்ட பிறகும் கலங்கியே கிடக்கும் கடல் போல... கோபத்தோடு பார்த்தவள் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் பயிற்சி அறையில் இருபத்தாறு ஆசிரியர்கள். முதல் வரிசையில் அவர். பெயர் அபெராமோ. அவரிடம் படித்த பிள்ளைகள் பரீட்சையில் தவறியதில்லை என்று தீவே பேசும்.

மாசினாவின் முதல் விதி எளிது. கேள்வி கேட்டால் மனசுக்குள் இருபது எண்ணு. அதுவரை வாயைத் திறக்காதே, துப்புக் கொடுக்காதே. ஆசிரியர்களையே மாணவர்களாக உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னாள். மற்றவர்கள் நெளிந்தார்கள், சிரித்தார்கள், எப்படியோ இருபதைத் தொட்டார்கள். அபெராமோ மட்டும் மூன்றைத் தாண்டவில்லை. மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் பதில் அவர் வாயிலிருந்தே விழுந்தது.

படகில் வந்த எரிச்சல் இன்னும் மாசினாவிடம் மிச்சமிருந்தது. "சார், நீங்க பிள்ளைகளுக்காக பதில் சொல்லல. சத்தமில்லாம இருந்தா உங்களுக்குப் பயம், அதான் சொல்றீங்க" என்றாள், எல்லோர் முன்பும்.

அபெராமோ பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். ஆசிரியைக்கு மரியாதையாகத் தலை தாழ்த்தினார். போய்விட்டார்.

தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டாள் மாசினா. ஆனால் செவ்வாயும் புதனும் அந்தக் காலி நாற்காலியை ஏன் திரும்பத் திரும்பப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. புதன் மாலை கோக்கோ குடிக்கும்போது ஒரு ஆசிரியை மெல்லச் சொன்னாள், அபெராமோவின் மனைவி இறந்து மூன்று வருடம் என்று. மாசினா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

வியாழன் மதியம் பயிற்சியைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்க அவருடைய பள்ளிக்கே போனாள். மழை. தாழ்வாரத்தில் ஒதுங்கி ஜன்னல் வழியே பார்த்தவள் அப்படியே நின்றாள்.

கரும்பலகையில் அதே எட்டுப் பெண்கள். வகுப்பு மூச்சுக் காட்டாமல் இருந்தது. அபெராமோ உதட்டைக் கடித்தபடி நின்றிருந்தார். முதுகுக்குப் பின்னால் அவர் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின... பதினாறு, பதினேழு. நெற்றியில் வேர்வை. கடைசி பெஞ்சில், வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண் எழுந்து, "சார், நான் படம் போட்டுப் பாக்கவா?" என்றாள்.

மணி அடித்ததும் அவர் வெளியே வந்தார். அவளைக் கண்டு திடுக்கிடவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்க சொன்னது நெசம், டீச்சர். எம் பொண்டாட்டி கடைசி மாசத்துல ஒருநாள், 'நான் பொழைப்பேனா'ன்னு கேட்டா. 'பொழைச்சிடுவ'ன்னு ஒடனே சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கல..." தூணில் விரலால் கோடு இழுத்தார். "அவ பதில் கேக்க வரல. என்னமோ சொல்ல வந்திருக்கா. நான் கொஞ்சம் சும்மா இருந்திருந்தா சொல்லியிருப்பா."

ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள் மாசினா. மூடிக்கொண்டாள். கூரையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, இருவரும் பேசாமல் வெகுநேரம் நின்றார்கள். அவள் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவருக்கு அது கேட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை துறையில் படகு தயாராக நின்றது. ஃபிலோ கூடையோடு முன்பே வந்திருந்தாள். அபெராமோ நனைந்தபடி வருவதைக் கண்டதும் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வாத்தியாரே, மொத ஆளுக்கு ஏழு, அடுத்தவளுக்கு ஆறு, அப்புறம் அஞ்சு... நானே போட்டுட்டேன். உங்க இருபத்தெட்டு சரிதான்."

"மன்னிச்சிடும்மா" என்றார் அவர். ஃபிலோ அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

பிறகு அவர் மாசினாவின் எதிரே வந்து நின்றார்.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. இங்கயே இருந்துடுவீங்களா, மாசினா... என்கூட?"

டீச்சர் என்று சொல்லவில்லை. பெயர் சொன்னார்.

அதற்கு முன் அவளைப் பெண் கேட்டவர்கள் எல்லோரும் பதிலையும் கையோடு கொண்டுவந்தவர்கள். ஒருவர் கல்யாண விருந்துக்குப் பன்றிகூடச் சொல்லி வைத்துவிட்டு வந்தார். இவர் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

ஐந்து... ஆக்லாந்து வேலை நினைவுக்கு வந்தது. ஒன்பது... இந்தக் கண்களோடு ஒரு வீடு எப்படி இருக்கும்? பதினொன்றில் படகு ஊதியது. அவர் அசையவில்லை. ஃபிலோவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அவ என்ன சொல்லுவான்னா..." என்று ஆரம்பித்தாள். அபெராமோ ஒரு கையை மட்டும் மெல்ல உயர்த்தினார்.

"அவங்களே சொல்லட்டும்மா."

இருபது வந்தது. போயிற்று. அவருடைய கைகள் முன்னால் வந்து சும்மா தொங்கின; அவர் எண்ணுவதை விட்டுவிட்டதை மாசினா கண்டாள். இனி எவ்வளவு நேரமானாலும் நிற்பார்... அவள் பைக்குள் பயணச்சீட்டைத் தேடுவதை நிறுத்தினாள். மழைநீர் தங்கிய இமைகளுக்கு மேலே, அவள் புருவங்கள் இரண்டும் மெல்ல உயர்ந்தன.

படகு கிளம்பிய பிறகுதான் ஃபிலோவுக்குத் தன் சவாரி போன நினைவே வந்தது. அவள் மடக்கிய விரல்களைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:

"நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன். இருபத்தெட்டு."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கேட்பவருக்குக் காத்திருக்கும் மனசு இருக்கட்டும். சொல்ல வந்தவர் சொல்லி முடிக்கும்வரை உங்கள் அடுப்பு சூடாகவும், கூரை ஒழுகாமலும் இருக்கட்டும்.