ஒன்றாகக் கண் சிமிட்டிய நுண்ணுயிர்கள்

வயலில் இருந்த நான்கு விளக்குகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் இருந்தது சுபலட்சுமி வீட்டுச் சாமை வயல். கதிர் முற்றிவிட்டது. இருட்டியதும் கம்பங்களில் சோலார் விளக்குகள் மின்னும். காட்டுப்பன்றிகள் மிரண்டு ஓடும். நேற்று விளக்கு இல்லை. ஒரு மூலையைப் பன்றிகள் மேய்ந்துவிட்டன. இன்றும் வந்தால் மிச்சம் இருக்காது.

ஆறாம் வகுப்புச் சுபலட்சுமிக்கு ஊரில் எல்லார் மேலும் சந்தேகம். பால்காரர் மேல், பக்கத்து வயல்காரர் மேல், அவருடைய ஆட்டின் மேலும்கூட. ஆடு கம்பம் ஏறாது என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டாள்.

அவள் சந்தேகப் பட்டியலில் கடைசி ஆள் பிரவீன்குமார். சங்கராபுரத்துக்காரர். நேற்று முதல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்தார். அவர் சட்டையில் 'தலைமை வன அனுபவ இயக்குநர்' என்று எழுதியிருந்தது. அவருக்குக் கீழே ஒருவரும் கிடையாது. இருந்தாலும் தலைமை!

அன்று ஞாயிற்றுக்கிழமை. சுற்றுலா வந்த ஆறு பேரை அவர் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போனார். சுபலட்சுமியும் பின்னாலேயே போனாள்.

"இது சாதாரணக் காடு இல்லை. மழைக்காடு!" என்றார் அவர்.

"மழையே இல்லையே?" என்றார் செந்தமிழ்ச்செல்வி. கள்ளக்குறிச்சியில் இருந்து வந்த வங்கி மேலாளர் அவர்.

"மழைக்கு இன்னிக்கு லீவுங்க. ராத்திரி பாருங்க! கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஏரியையே ஜொலிக்க வைக்கும்."

"ஏரியைப் பகல்ல பாக்கக் கூடாதாண்ணே?" என்று சுபலட்சுமி கேட்டாள்.

"கூடாது பாப்பா. அதுங்க தூங்கிக்கினு இருக்கும்."

அவள் சந்தேகம் ஒரு முழம் வளர்ந்தது.

இருட்டியதும் எல்லாரும் கயாக் என்கிற ஒல்லிப் படகுகளில் ஏறினார்கள். சுபலட்சுமி பிரவீன்குமாரின் படகில் தொற்றிக்கொண்டாள். நடு ஏரியில் தண்ணீருக்கு அடியில் நீல வெளிச்சம் தெரிந்தது.

"ஆகா!" என்றார்கள் எல்லாரும்.

வெளிச்சம் மூன்று முறை சிமிட்டியது. நின்றது. மறுபடி மூன்று முறை.

"கோடி உயிரும் ஒண்ணா கண்ணடிக்குதே?" என்றார் செந்தமிழ்ச்செல்வி.

"ஒற்றுமைங்க!" என்றார் பிரவீன்குமார்.

அந்தச் சிமிட்டலைப் பார்த்தபடிதான் சுபலட்சுமி தினமும் தூங்குவாள். குனிந்து பார்த்தாள். கல் கட்டி இறக்கிய பாட்டில்கள்! உள்ளே அவர்கள் வயல் விளக்குகள்!

கத்த வாயைத் திறந்தாள். பிரவீன்குமாரின் முகம் வியர்த்துப்போயிருந்தது. வாயை மூடிக்கொண்டு அவர் காதருகே போனாள்.

"அண்ணே, அது எங்க வயல் லைட்டு. பன்னி வராம இருக்கக் கட்டுனது."

"அய்யோ! சும்மா அழகுக்கு மாட்டியிருக்கீங்கன்னு நெனச்சு எடுத்தேன். ரெண்டு நாள்ல திருப்பிக் கட்டிடலாம்னு..."

"இப்ப பன்னி வர்ற நேரம். அங்க எங்கப்பா ஒத்தையா நிக்கிறாரு."

"இவங்ககிட்ட இன்னான்னு சொல்றது?"

"நெஜத்தைச் சொல்லுங்க. நீங்களே சொன்னா திட்டு கம்மியா வுழும்."

தலைமை இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "மன்னிச்சுக்குங்க. அது நுண்ணுயிர் இல்ல. சோலார் லைட்டு."

திட்டு கிளம்புவதற்குள் சுபலட்சுமி எழுந்தாள். படகு ஆடியது. உடனே உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க சாமை வயலுக்குப் பன்னி வருதுங்க. வெரட்ட ஆளு வேணும். வர்றீங்களா?"

"நெஜப் பன்னியா?" என்று சந்தேகமாகக் கேட்டார் செந்தமிழ்ச்செல்வி.

"நெஜப் பன்னிங்க."

"அப்ப துடுப்பைப் போடுங்கப்பா!"

வயலில் அவள் அப்பா கண்ணுசாமி தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு தனியாக நின்றிருந்தார். மிதவை அங்கியும் துடுப்புமாக ஓடிவரும் கூட்டத்தைப் பார்த்து முதலில் அவரே மிரண்டுபோனார். புதருக்குள் உறுமல் கேட்டது.

அவர்கள் வரப்பிலேயே நின்று அங்கே இருந்த தண்ணீர்க் குடத்தைத் துடுப்பால் தட்டினார்கள், கூச்சல் போட்டார்கள். செந்தமிழ்ச்செல்வி வங்கியில் ஒருநாளும் போட முடியாத சத்தத்தை எல்லாம் சேர்த்துப் போட்டார். புதர்கள் சடசடவென்று மலைப்பக்கமாக விலகின. ஒரு கதிர்கூடச் சாயவில்லை.

கொஞ்ச நேரத்தில் பிரவீன்குமார் சொட்டச் சொட்ட வந்து, நான்கு விளக்குகளையும் தானே கம்பங்களில் கட்டினார்.

"பாப்பா, நாளைக்கும் பன்னி வருமா?" கம்மிப்போன குரலில் ஆசையாகக் கேட்டார் செந்தமிழ்ச்செல்வி.

"நீங்க போட்ட சத்தத்துக்கா? அது இந்நேரம் சேலத்தைத் தாண்டியிருக்குங்க!"