மதகுக்குச் சொன்ன பதில்

காலையில் காபி குடித்துவிட்டு கருந்துளைக்குச் சாப்பாடு போடுவது என் உத்தியோகம். சூரியனைப்போல் நாற்பது கோடி மடங்கு எடை. பசி அடங்கியதே இல்லை. வாயுமேகத்தைத் தள்ளிவிட்டால் சுழற்றி விழுங்கும். விழாமல் தெறிப்பதை இரு துருவங்களிலும் தாரையாகப் பீய்ச்சும். ஏறக்குறைய ஒளிவேகத்தில் பாயும் அந்தத் தாரையில்தான் பதினெட்டு உலகங்களுக்கு விளக்கு எரிகிறது.

மேகத்தை அடைத்திருக்கும் காந்தமதகு பொத்தானுக்குத் திறக்காது. "பாதையில் யாருமில்லை" என்று ஊட்டுநர் மூன்று தரம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆள் இருப்பதாகச் சொல்லிவிட்டால், யாராவது நேரில் போய்ப் பார்த்து வரும்வரை பூட்டிக்கொள்ளும். மனசாட்சியுள்ள எவரோ வைத்த விதி. பதினோரு வருடமாக நான் கொட்டாவி விட்டபடிதான் யாருமில்லை என்று சொல்லி வந்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இன்றைய மேகம் பெரியது. தாரை இருமடங்கு அகலும், மூன்று மாதத்தில் அதன் விளிம்பு மருதத்திட்டைத் தொடும். அந்தக் குடியேற்றத்தில் ஆறாயிரம் பேர். காலி செய்யச் சொன்ன நிர்வாகம் கப்பல் அனுப்பவில்லை. பதிவேட்டிலிருந்து பெயர்களை மட்டும் நீக்கிவிட்டது. அங்கிருந்து மூன்று மாதம் பயணித்து நேற்று வந்த செய்தியில் ஒரு பெண், "கப்பல் எப்பங்க வரும்?" என்று கேட்டிருந்தாள்.

மேற்பார்வையாளர் இசக்கியப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன யோசன, வேலம்மா? சொல்லு, நேரமாவுது."

"மருதத்திட்டுல ஆள் இருக்கே, அண்ணாச்சி."

"பதிவேட்டுல இல்லயே."

"பதிவேட்டுல இல்லன்னா மூச்சு விடமாட்டாங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஊருக்கெல்லாம் விளக்கு மங்கிரும். ஒம்மக படிக்குற ஊருலயும்தான். ஒனக்கு வேலயும் போயிரும்."

பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஒலிவாங்கியை வாயருகே இழுத்தேன்.

"பாதையில் ஆள் இருக்கு. ஆள் இருக்கு. ஆறாயிரம் ஆள் இருக்கு."

மதகு பூட்டிக்கொண்டது. சுவரெங்கும் சிவப்பு விளக்குகள் எரிந்தன. இசக்கியப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன காரியம்மா பண்ணிட்ட? நேர்ல போய்ப் பாக்காம இனி மதகு தொறக்காதுல்ல."

"போய்ப் பாக்கட்டும், அண்ணாச்சி. திரும்பி வரும்போது ஆறாயிரம் பேருக்கு இடம் இருக்குற மாதிரி கப்பலா அனுப்பச் சொல்லுங்க."