மெத்தில் தொப்பியும் ஈரக் கையும்

மழைக்கு விரோதிகள் சங்கம் ஒன்று இருந்தால், அதற்கு நிரந்தரத் தலைவி அவள்தான்.

காரணம் இருந்தது. ஆர்.என்.ஏ இழையை மணி மணியாகக் கோக்கும் இயந்திரம் அவள் பொறுப்பில். துளி ஈரம் உள்ளே போனாலும் ஒரு மணி அடுத்த மணியோடு சேராது... மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அன்று பார்த்து அந்த இயந்திரமும் மக்கர். கோத்து முடித்தது இரண்டே குழாய். சிவப்பு மூடிக்குரியது சாதாரண ஆர்.என்.ஏ. நீல மூடிக்குரியது அவளுடைய செல்லம். இழையின் ஒவ்வொரு சர்க்கரையிலும் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சின்னக் கொக்கிதான் இழையை நறுக்கும் எதிரியை உள்ளே விடுகிறது. அந்தக் கொக்கிக்கெல்லாம் மெத்தில் என்ற வேதிக்கூறைத் தொப்பியாக மாட்டியிருந்தாள். மறுநாள் காலை அது உடையாது என்று பேராசிரியருக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

குழாய்களை மூடப்போன நேரம்... கதவு திறந்தது.

மழையே சட்டை போட்டுக்கொண்டு வந்ததுபோல் ஒருவன். இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்த என்ஜினியர். முடியில் ஒரு சொட்டு, இமையில் ஒரு சொட்டு... நடுவில் நனையாமல் சிரிக்கும் இரண்டு கண்கள். அவள் மனசு விலைகூடக் கேட்கவில்லை. சரக்கைப் பார்த்ததுமே பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டது.

கையிலிருந்த மூடிகள் விழுந்து உருண்டன. அவன் குனிந்து எடுத்தான். உபகாரியல்லவா? மூடிகளின் உட்புறத்தைக் கட்டைவிரலால் அக்கறையாகத் துடைத்து, நிறம் பார்த்து அந்தந்தக் குழாயில் திருகியும் விட்டான்.

அவளுக்கு உலகமே நின்றது. விரல் வேர்வையில் இருக்கும் நொதி ஆர்.என்.ஏ-வைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். இந்த அறையில் வெறும் கை என்பது கத்தரிக்கோல்.

"கையுறை போடணும்னு யாருமே சொல்லித் தரலையா உங்களுக்கு?"

"மெஷினத் தொடத்தாங்க வந்தேன். மூடியெல்லாம் தானா கால்ல வந்து விழும்னு யாரும் சொல்லலையே."

அவ்வளவுதான். அவன் எதிரிலேயே கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டு, உங்கள் ஆள் வெறும் கையால் என் உழைப்பைப் பாழாக்கிவிட்டான் என்று பொரிந்து தள்ளினாள். முதலாளி அவனுடைய சித்தப்பா என்பது அவளுக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை. இயந்திரத்தைச் சரிசெய்தான். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்... அவள் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவில் தெரிந்தால் அது பார்த்த கணக்கில் சேருமா என்ன?

மறுநாள் காட்டுவதற்கு வேறு சரக்கு இல்லை. ராத்திரி முழுக்க மேசையிலேயே கிடந்த அந்த இரண்டையும், இழை முழுசா துண்டா என்று காட்டிக்கொடுக்கும் ஜெல்லில் ஓட்டினாள். விளக்கொளியில் சிவப்பு மூடிக்காரன் மாவாய்ச் சிதறியிருந்தான். பக்கத்தில் நீலம்... ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரே கோடு. கெட்டியாக, முழுசாக.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"எந்த நொதிம்மா போட்டே?"

"ஒருத்தரோட கட்டைவிரல், சார்."

துள்ளினாள். வராந்தா முழுக்க ஓடினாள். பாதி ஓட்டத்தில் நேற்றுப் போட்ட புகார் போன் ஞாபகம் வந்தது... நின்றாள்.

முதலாளிக்கு மறுபடி போன் போட்டாள். அவர் நிதானமாகச் சொன்னார். புகார் வந்த கையோடு பையனை வெளியூர்க் கிளைக்கு மாற்றியாகிவிட்டதாம். அண்ணன் மகனாயிற்றே, சலுகை காட்டினால் மற்றவர்கள் என்ன பேசுவார்கள்? சாயங்காலம் கிளம்புகிறானாம். புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றாள்.

"சும்மா வாங்கிக்க முடியாதும்மா. மூடி ஏன் விழுந்துச்சு? அதச் சொல்லு."

தரை வழுக்கல் என்றாள். படியவில்லை. மூடி ரொம்பச் சின்னது என்றாள். அதற்கும் அவர் இறங்கி வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்தது. இந்த மழையில் ஒருவன் பெட்டி கட்டிக்கொண்டிருப்பான்...

"என் தப்புதான். உங்க பையன நிமிந்து பாத்தேன்... கை தானா விட்டுடுச்சு."

மறுமுனையில் ஒரு செருமல். பிறகு வேறு குரல்.

"சித்தப்பா ஸ்பீக்கர்ல போட்டிருக்காருங்க."

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"மெஷின இன்னொரு வாட்டி வந்து பாக்கட்டுமா?"

"அது நல்லாத்தான் ஓடுது... வாங்க."

வந்தான். நேற்றைவிட அதிகமாக நனைந்து. வாசலிலேயே நின்று கையுறைப் பெட்டியைத் தேடினான். அவள் பெட்டியை நகர்த்தி வைத்தாள். தன் கையுறைகளையும் ஒவ்வொரு விரலாக உருவிக் கழற்றி, வெறும் கையை நீட்டினாள்.

அவன் ஈரக் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"தொட்டா உடஞ்சிடாதே?"

"அதெல்லாம் சோதிச்சுப் பாத்தாச்சு."